பதினொரு மேசைகளில் லேக்

அக்டோபர் 14, செவ்வாய். என் தவறு: ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்துவிட்டேன். ஏழாம் மேசையின் ஒயரை மாற்றினேன். கையோடு ரவுட்டரையும் அணைத்துப் போட்டேன். கேம்களை இழுத்து நிறுத்தும் இந்த லேக் நின்றது. எது நிறுத்தியது என்று இப்போது சொல்ல முடியவில்லை. நாற்பது நிமிடத்தில் மறுபடி வந்துவிட்டது.

சப்ரி இதைக் கம்ப்யூட்டர் கேம் கடையின் கல்லாவில் நின்றபடியே எழுதினான். மாலை வகுப்பில் நெட்வொர்க் பாடத்துக்காக வாங்கிய நோட்டு அது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அந்தப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தன் கையால் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தான். இருந்தும் அவசரத்தில் கை முந்திக்கொண்டது.

"லேக்!" என்று மூன்றாம் மேசையிலிருந்து குரல் வந்தது. "சப்ரி பாஷா, பாத்தியா? நான் துப்பாக்கியத் தூக்கறதுக்குள்ள என்னைச் சுட்டு, குளிப்பாட்டி, தொழுகையும் வச்சுட்டானுங்க!"

கத்தியது தஸூக்கி, கீழே சலூனில் முடி வெட்டுகிறவன். கழுத்தில் இன்னும் மயிர்த் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவனும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து ஒரு குழு. வியாழன் மாலை ஐந்து மணிக்கு அவர்களுக்குத் தகுதிச் சுற்று.

சப்ரி அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். திரையின் மூலையில் பிங் 310 என்று சிவப்பாக இருந்தது. இங்கிருந்து கேம் ஓடும் கம்ப்யூட்டருக்கு ஒரு சேதி போய்த் திரும்ப ஆகும் நேரம் அது. நாற்பது என்றால் விளையாடலாம். முந்நூறு என்றால் செத்த பிறகுதான் எதிரி கண்ணில் படுவான்.

"எல்லா மேசையிலயுமா?"

"எல்லாத்துலயும்தான், என்ஜினியரே. பரீட்சையில பாஸ் பண்ணினப்புறம் சரி பண்ணுவியா, இல்ல நாங்க கிழவனானப்புறமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். சப்ரியும் சிரித்து வைத்தான். நோட்டில் 5:15, 310, பதினொரு மேசை என்று எழுதினான்.

மறுநாள் நண்பகலில் கடை முதலாளி ஹாஜியார் மித்வல்லி வந்தார். அவருக்கு ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பெயின்ட் கடையும் உண்டு. தினமும் ஒரு மணி நேரம் இங்கே வந்து உட்கார்ந்து, மூன்று தேநீர் குடித்துவிட்டுப் போவார். சப்ரி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிங் பார்த்து எழுதினான். 42. 41. 42. 44. 42. ஒரு தடவைகூட ஏறவில்லை.

"எங்கடா உன் லேக்?" ஹாஜியார் தம்ளரை வைத்தார். "நான் இருந்தா ஓடுது. நான் போனா இழுக்குது. இதுக்கு என்ன அர்த்தம், நீயே சொல்லு."

"தெரியல ஹாஜியார். தேடிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்குத் தெரியும். நான் படியெறங்கினதும் நீ கல்லா மெஷின்ல படம் எறக்கறே. எறக்கி வெளிய விக்கறே. மூணு வாரத்துக்கு முன்னால ஹெட்செட் காணாமப் போச்சு, கேமரா வச்சேன். இப்ப நெட்டே காணாமப் போகுது."

"வல்லாஹி, நான் எறக்கல."

"சத்தியத்தை வச்சு நான் என்ன பண்றது? என் அக்கா பையன் வீட்டுல சும்மாதான் உக்காந்திருக்கான். நாளைக்கு அந்தப் பசங்க ஆட்டத்துல லேக் வந்துச்சுன்னா சனிக்கிழமையிலேருந்து அவன் இந்த நாற்காலிக்கு வருவான். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை லீவும் இல்ல, ஆறு மணிக்கு வகுப்புன்னு ஓடறதும் இல்ல."

மூன்று வாரமாகவே அந்த இரண்டும் இல்லை. 

அவர் போனதும் முதலில் தன்னையே சந்தேகப்பட்டான். தனக்கே தெரியாமல் எதையாவது ஓட விட்டிருக்கிறோமோ? கல்லா மெஷினின் ஒயரைப் பிடுங்கி வைத்தான். அப்படியும் பிங் ஏறியது. மாட்டினான். பிறகு, வருகிறவர்களின் போனுக்காக விட்டிருந்த வைஃபையை அணைத்தான். அப்போதும் ஏறியது. அதற்குப் பிறகு ஏழாம் மேசை, எட்டாம் மேசை என்று ஒவ்வொன்றாக, ஒன்று மட்டுமாக. எல்லாவற்றுக்கும் நேரம் போட்டு எழுதினான். கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியை அவன் கணக்கில் எடுக்கவில்லை. அது நாள் முழுக்க ஓடுகிறது. அதுதான் காரணமென்றால் லேக்கும் நாள் முழுக்க இருக்க வேண்டும் அல்லவா?

வியாழன் மதியம், எழுதிய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தபோது வெறும் எண்கள்தான் இருந்தன. ஓரத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்து, மேலே 'அப்போது வேறு என்ன நடந்தது' என்று எழுதினான். யாராவது தும்மினால்கூட அதில் எழுதுவது என்று வைத்துக்கொண்டான்.

2:10, 290, தேநீர்க்காரன் வந்தான். ஹாஜியார் போன்: காலை ஆட்டாதே. 2:55, 305, பள்ளிவாசலில் வாங்கு சொன்னார்கள். ஹாஜியார் போன்: ஒன்பதாம் மேசையில் ஏன் விளக்கு எரிகிறது. 3:40, 42, தேநீர்க்காரன் வந்தான். 

நாலரைக்குத் தஸூக்கியின் குழு மேலேறி வந்து கை பழக உட்கார்ந்தது. நான்காம் மேசைக்காரன் மடியில் பொட்டலத்தை வைத்துத் தாமியா வடை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். கல்லாவில் போன் அடித்தது.

"நாலாம் மேசையில தின்றது யாருடா? கீபோர்டு பூரா எண்ணெய்!"

"சொல்றேன் ஹாஜியார்."

"லேக்!" என்று ஐந்து பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

ரிசீவரைக் காதில் வைத்தபடியே சப்ரி நிமிர்ந்து சுவர் மூலையைப் பார்த்தான். கேமராவின் சின்ன நீல விளக்கு எரிந்தது. ஹாஜியார் பெயின்ட் கடையில் உட்கார்ந்து நான்காம் மேசையின் எண்ணெயைப் பார்க்கிறார். அந்தப் படம் இந்த லைன் வழியாகத்தானே அவர் போனுக்குப் போக வேண்டும்? உள்ளே வர அகலமான லைன். வெளியே அனுப்ப ஒரு சந்து. அந்தச் சந்தில் நான்கு கேமராக்களின் படமும் ஒரே நேரத்தில் நெருக்கிக்கொண்டு போனால் தஸூக்கியின் தோட்டா எங்கே போகும்? கேமரா நாள் முழுக்க ஓடும். ஆனால் ஹாஜியார் பார்க்கும்போதுதான் அனுப்பும். கடைக்கு வந்தால் அவர் போனில் பார்ப்பதில்லை.

கையெட்டும் தூரத்தில்தான் ரவுட்டர் இருந்தது. கேமரா ஒயரைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் பிடுங்கினான்.

"போச்சு!" என்று தஸூக்கி கத்தினான். "லேக் போச்சு! 41!"

"போச்சு!" என்று காதில் ஹாஜியார் கத்தினார். "படம் போச்சு! டேய், கேமராவையா கழட்டினே? அங்கயே நில்லு. வர்றேன்."

இருபது நிமிடத்தில் வந்தார். மூச்சு வாங்கியது, சட்டைக் கையில் பச்சைப் பெயின்ட் ஈரமாக இருந்தது. வந்ததும் சப்ரியின் பையைத்தான் கேட்டார். சப்ரி கொடுத்தான். ஒரு ஸ்வெட்டர், பாடப் புத்தகம், காகிதத்தில் சுற்றிய ரொட்டி. அவர் அதையும் பிரித்துப் பார்த்தார்.

"எதைத் தூக்கறதுக்குக் கேமராவ நிறுத்தினே?"

"ஒண்ணையும் இல்ல ஹாஜியார். இதோ, திரும்ப மாட்டிட்டேன். போன்ல ஒரு தடவை கடையப் பாருங்க."

"கடையிலயேதானடா நிக்கறேன்? அதை எதுக்குப் போன்ல பாக்கணும்?"

"ஒரே ஒரு தடவை. நாலையும் சேத்து."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தட்டினார். திரையில் நான்கு சின்னச் சப்ரிகள் தெரிந்தார்கள். மூன்றாம் மேசையில் 42 என்றிருந்த எண் 120 ஆனது, 300 ஆனது.

"லேக்!"

"இப்ப மூடுங்க."

அவர் மூடினார். எண் இறங்கி 43 ஆனது. தானாகவே மறுபடி திறந்தார், ஏறியது. மூடினார், இறங்கியது. இன்னொரு முறை திறக்கப் போனபோது தஸூக்கி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"ஹாஜி, உங்க பிள்ளைகள் மேல ஆணை, கண்ண மூடுங்க! அஞ்சு மணிக்கு ஆட்டம்!"

"மூணு வாரமா எங்களக் கொன்னது நீங்கதானா!" என்றான் நான்காம் மேசைக்காரன், வாய் நிறைய ரொட்டியுடன். "எதிரி டீம்ல உங்களச் சேத்துக்கச் சொல்றேன் ஹாஜி, நல்லா வருவீங்க!"

கடையே சிரித்தது. ஹாஜியார் சிரிக்கவில்லை. சப்ரி நீட்டிய நோட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். 'ஹாஜியார் போன்' என்ற இடங்களில் விரல் கொஞ்சம் நின்று நகர்ந்தது.

"அப்ப நீ படம் எறக்கல."

"இல்ல ஹாஜியார்."

"ம்." நோட்டை மூடிக் கல்லாவில் வைத்தார். "உன் நாற்காலி உனக்குத்தான். போ. ஆட்டம் முடிஞ்சதும் வகுப்புக்குக் கெளம்பு."

சப்ரி தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். காரணமே இல்லாமல் பதினொரு கீபோர்டுகளையும் துடைத்தான்.

ஆட்டம் முடியும் வரை ஹாஜியார் போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிங் ஒரு தடவைகூட ஐம்பதைத் தாண்டவில்லை. தஸூக்கி கடைசி ஆளைச் சுட்டபோது மேசைகள் அதிர்ந்தன. ஐந்து பேரும் சப்ரியைத் தூக்கி, விளக்கில் தலை இடித்ததும் இறக்கிவிட்டார்கள்.

"என்ஜினியரே, நாளைக்கு வா. உனக்குத் தாடி ஓசியில எடுக்கறேன்," என்றான் தஸூக்கி.

சப்ரி பையைத் தோளில் மாட்டியபோது ஹாஜியார் கூப்பிட்டார். அவர் சுவர்களைச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நெட் கம்பெனி ஆளு வந்து கேமராவுக்கு மட்டும் தனியா ஒரு லைன் தருவான். அப்புறம் நான் நாள் பூரா பாத்தாலும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது ஹாஜியார்."

"நல்லது. உனக்குத்தான் இதெல்லாம் புரியுது. நீயே கூட நின்னு ஒயரை இழுத்துடு. ஜும்ஆ தொழுகைக்கு முன்னால முடிச்சிடலாம்." பிறகு கல்லாப் பக்கம் விரலை நீட்டினார். "அப்படியே இன்னொண்ணு. நாலுலயும் பாத்தாச்சு, எதுலயும் உன் கை சரியாத் தெரிய மாட்டேங்குது."

மினிபஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சப்ரி முழங்காலில் நோட்டை விரித்து, வண்டி சிக்னலில் நின்றபோதெல்லாம் எழுதினான்.

அக்டோபர் 16, வியாழன். லேக் இல்லை. தஸூக்கி குழு ஜெயித்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு வகுப்பு. பத்து நிமிடம் தாமதமாகும்.

நாளை, வெள்ளி: காலை ஒன்பதுக்குச் சலூனில் ஏணி கேட்க வேண்டும். கேமராக்களைப் புது லைனுக்கு மாற்ற வேண்டும். ஐந்தாவது கேமரா கல்லாவுக்கு நேர் மேலே, நாற்காலியில் இருப்பவனின் இரண்டு கைகளும் தெரியும்படி.