வாசல் தாண்டாத மகாலட்சுமி

காவிரி எத்தனையோ தடவை வற்றியிருக்கிறது. ராஜ்ஜியங்கள் வந்து போயிருக்கின்றன. ஆனால் ஆறு தலைமுறையாக, பஞ்சநதத்தின் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமையன்று மகாலட்சுமி ஒரு காசு வடிவத்தில்கூட வாசல் தாண்டியதில்லை. பாபநாசம் சுற்றுவட்டாரத்தில் இந்தச் சரித்திரம் தெரியாதவர்கள் கிடையாது. பஞ்சநதமே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அப்பேர்ப்பட்ட குடும்பத்துக்கு வங்கி போட்டிருந்த மதிப்பெண் ஐந்நூற்று எண்பத்தேழு.

"எத்தனைக்கு?" என்றார் பஞ்சநதம்.

"தொள்ளாயிரத்துக்கு சார்" என்றாள் கடன் பிரிவு அதிகாரி எழில்மொழி.

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "அறுபத்தஞ்சு பர்சென்ட். ஃபர்ஸ்ட் கிளாஸ்தானேம்மா?"

"சிபில் ஸ்கோர்ல அது ஃபெயில் சார். வீட்டுக் கடனுக்கு எழுநூத்தம்பதாவது வேணும்."

வீடு அவசரம். பாகப்பிரிவினையில் நிலமும் டிராக்டரும் பஞ்சநதத்துக்கு வந்தன. வீடு தம்பி செந்தில்குமாருக்குப் போனது. தம்பி அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறான். தை முடிகிறவரை இருந்துகொள்ளச் சொல்லியிருந்தான். தஞ்சாவூரில் கமருன்னிஸா என்கிற அம்மாள், பிள்ளைகள் துபாயில் தங்கிவிட்டதால், தன் வீட்டை விற்கிறார். பஞ்சநதத்தின் மனைவி அகிலாண்டம் அந்தச் சமையலறையைப் பார்த்த அன்றே எந்த மேடையில் கிரைண்டர் என்று முடிவு செய்துவிட்டாள். "தை வரைக்கும்தான் பார்ப்பேண்ணே, வேற ஆளும் கேக்குறாங்க" என்று கமருன்னிஸா சொல்லியிருந்தார்.

"டிராக்டர் கடனை ஒரு பைசா பாக்கியில்லாம அடைச்சிருக்கேனேம்மா!"

"அடைச்சிருக்கீங்க. ஆனா மூணு தவணைக்கு ஒண்ணு பவுன்ஸ் ஆயிருக்கு. அஞ்சாந்தேதி அக்கவுண்ட்ல பணமே இல்ல."

"எப்படி இருக்கும்? முந்தின நாளே நான்தான் எடுத்துடுவேனே."

"எதுக்கு சார்?"

"மறுநாள் வெள்ளிக்கிழமைம்மா."

எழில்மொழி பேனாவைக் கீழே வைத்தாள். அவர் பொறுமையாக விளக்கினார். வெள்ளிக்கிழமை கைக்காசு வெளியே போகக் கூடாது, செவ்வாயும் அப்படித்தான், அஷ்டமி, நவமி சொல்லவே வேண்டாம். வங்கியோ நாள் கிழமை தெரியாத இயந்திரம், தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே வியாழக்கிழமை பணத்தை எடுத்து வந்து பீரோவில் வைத்து, சனிக்கிழமை திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்.

"ஒவ்வொரு தடவையும் அபராதம் பிடிச்சிருக்காங்களே?"

"அது நீங்க லட்சுமிய ஒரு நாள் எங்க வீட்டுல விட்டுவச்சதுக்குக் காணிக்கைன்னு நெனச்சேன்."

எழில்மொழி வழி சொன்னாள். வைப்புநிதியாக ஒரு லட்சம் போட்டால் அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு. கொஞ்சமாகச் செலவு செய்து, கெடுவுக்குள் முழுசாகக் கட்ட வேண்டும். ஆறேழு மாசத்தில் ஸ்கோர் ஏறும்.

கார்டு ஆனியில் வந்தது. பஞ்சநதம் அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்து, நாலு மூலையிலும் சந்தனம் தடவி, நடுவில் தங்கக் கட்டம் போலிருந்த இடத்தில் குங்குமம் வைத்தார். முதல் செலவு மங்கலமாக இருக்க வேண்டுமென்று சூப்பர் மார்க்கெட்டில் உப்பும் மஞ்சளும் வாங்கினார். இயந்திரம் கார்டைப் படிக்க மறுத்தது. பில் போடுகிற பெண் சுரண்டிப் பார்த்தாள். குங்குமம் வந்தது, கூடவே அந்தத் தங்கக் கட்டமும் வந்தது. உப்பைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். மறு கார்டு வர ஆடி ஆகிவிட்டது.

அப்புறம் கெடு தேதிகள். முதல் கெடு வெள்ளிக்கிழமை விழுந்தது. அடுத்தது அஷ்டமி. இரண்டையும் கெடு தாண்டித்தான் கட்டினார்.

"முன்னாடியே கட்டிடலாமே சார்? யாரு வேணாங்கிறா?" என்று போனில் கெஞ்சினாள் எழில்மொழி.

"கெடுவுக்கு முன்னாடி ஓடி வந்து குத்தகை அளக்குறவனப் பாத்து எங்கப்பா சிரிப்பாரும்மா. பயந்தவன்னு அர்த்தம். நான் உங்களுக்கு பயந்தவனா?"

"இல்ல சார். நான்தான் உங்களுக்கு பயந்து கிடக்கேன்."

மார்கழியில் ஸ்கோர் ஐந்நூற்று எழுபத்தொன்று. முன்னேறுவதற்காகப் பாடுபட்டதில் பதினாறு குறைந்திருந்தது. அதே வாரம் செந்தில்குமார் ஒரு ஜேசிபியைக் கொண்டுவந்து கொல்லையில் நிறுத்தினான்.

"சும்மா நிக்கட்டும்ண்ணே. வாடகை கம்மியா கெடச்சுது."

"அது கை அடுப்படி ஜன்னலத் தொடுதுடா."

"பாத்துப் பழகிக்கட்டுமேன்னுதான்."

மறுநாள் காலையில் அகிலாண்டம் புடவை மாற்றிக்கொண்டு, "நானும் பேங்குக்கு வர்றேன்" என்றாள்.

"நீ என்னத்துக்கு? அங்கெல்லாம் இங்கிலீஷ்ல கேப்பாங்க."

எழில்மொழி நாற்காலி போட்டாள். அகிலாண்டம் பாபநாசம் கடைத்தெருவில் நாலு தையல் மிஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவள். பஞ்சநதம் அதைப் 'பொழுதுபோக்கு' என்று சொல்லி வந்தார். அந்தப் பொழுதுபோக்குக்கு அவள் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்கிறாள் என்பது அவருக்கு அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. எழில்மொழி அவளுடைய பான் நம்பரைத் தட்டினாள். திரையை இன்னொரு தடவை பார்த்தாள்.

"எண்ணூத்தி ஒண்ணு."

"இவளுக்கா?" என்றார் பஞ்சநதம். "இவ எங்க கடன் வாங்கினா?"

"மகளிர் குழுக் கடன் சார். அடுத்தடுத்து வாங்கி அடைச்சிருக்காங்க. ஒரு தவணைகூடத் தவறல. வாராவாரம்."

"வாராவாரம் என்னிக்கி?"

அகிலாண்டம்தான் பதில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை நீ கோயிலுக்கில்ல போவே?"

"கோயில் மண்டபத்துலதாங்க குழுக் கூட்டம். சாமியும் கும்பிடுவேன்."

"எத்தன நாளா?"

"நம்ம பய செழியனக் காலேஜ்ல சேத்த வருஷத்துலேர்ந்து. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நீங்க பீரோவப் பூட்டிச் சாவிய மடில கட்டிக்கிட்டுத் தூங்கிட்டீங்க. பொன்னுத்தாய் அக்காதான் குழுவுல கேட்டு மத்தியானத்துக்குள்ள பணம் வாங்கிக் கொடுத்துச்சு."

"திங்கக்கெழம நான் குடுத்த பணம்?"

"மிஷின் வாங்குனேன்."

மகனைப் படிக்க வைத்த கதையைப் பஞ்சநதம் மூன்று கல்யாணங்களில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறார். இப்போது பெருந்தன்மையான குரலில், "சரி, ஆனது ஆச்சு. கடன ரெண்டு பேர் பேர்லயும் போடுங்கம்மா. குடும்பத் தலைவர் பேரு மொதல்ல வரட்டும்" என்றார்.

"உங்க பேரச் சேத்தா வட்டி கூடும் சார்."

"எவ்வளவு?"

எழில்மொழி சொன்னாள். அகிலாண்டம் கைப்பையைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"தனியாவே போடும்மா" என்றாள்.

தை மாதம் ஒரு புதன்கிழமை, நல்ல நேரத்தில், தஞ்சாவூரில் பத்திரம் பதிவாயிற்று. கமருன்னிஸா வீட்டுச் சாவியை அகிலாண்டத்தின் கையில் கொடுத்து, கிரைண்டர் மேடைக்குத் தனியாகப் பிளக் பாயின்ட் இருப்பதைச் சொன்னார். பஞ்சநதம் பட்டுவேட்டி கட்டி வந்திருந்தார். பத்திர எழுத்தர், "நீங்க யாரு, இப்படி வாங்க" என்று அவரையும் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்கினார்.

முதல் சாட்சி, தரகர் மருதையன். பஞ்சநதம் இரண்டாவது.