எடுத்துப்போட்ட சத்தம்

மெஷினைத் திருப்பிக் கொடுத்து மாதக்கணக்கான பிறகும் அது அந்த வீட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் கேத்தரின் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் சுவரைத் தாண்டி நவோமியின் கட்டில்வரை அந்த உறுமல் வந்துவிடும். ஆக்சிஜன் மெஷினின் உறுமல். நடுநடுவே 'புஸ்' என்று காற்றைத் தள்ளிவிட்டு மறுபடியும் உறுமும். அதற்கு அடியில் எங்கேயோ, பேட்ரிக் அத்தான் பைபிள் வாசகம் படித்துக்கொண்டிருப்பார்.

பேட்ரிக், கேத்தரினின் புருஷன். அவர்கள் குடியிருக்கும் பாகான் டாலாமில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிக்க அவர் ஏறினால் பின்வரிசையில் அரட்டை அடிப்பவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள் என்று. அப்படிப்பட்ட குரலைக் கடைசியில் நுரையீரல் கைவிட்டுவிட்டது. கோயிலுக்குப் போக முடியாமல் படுத்தபோது, கேத்தரின் அவரை வீட்டிலேயே படிக்க வைத்தாள். படித்தால்தான் மனுஷன் மனுஷனாக இருப்பார் என்பது அவள் கட்சி. ஒரே ஒரு தடவை அதைப் போனில் பதிவு செய்தாள். அவர் குரல் என்று மிஞ்சியது அது ஒன்றுதான். மத்தியானமானால் அவள் ஓடவிடுவது அதைத்தான்.

நவோமி தங்கை. அத்தானைப் பார்த்துக்கொள்ள ஒத்தாசையாக இருக்கட்டும் என்று பெட்டியோடு வந்தவள், அவர் போன பிறகும் போகவில்லை. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, போக இடமும் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவள் வேலை செய்த பிரிவையே வியட்நாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கையில் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஜார்ஜ்டவுனில் ஒலிப்பதிவுப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். "நாப்பது வயசு ஆகப்போது, இவ இனிமேதான் மைக்கு புடிக்கப் போறாளாம் லா," என்று கேத்தரின் பக்கத்து வீட்டு மோகனாவிடம் சொல்லிச் சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் நவோமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வகுப்பு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை. மேலே சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தும் பாங்கு சொல்லும்போது பதிவை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பயிற்சி கொடுக்கும் அதிராவுக்கு நவோமியை விடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. அவள் இவளை அக்கா என்பாள், இவள் அவளை மிஸ் என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

நவோமிக்கு அந்த வேலை சட்டென்று பிடிபட்டது. தொழிற்சாலையில் அத்தனை வருஷம் இரைச்சலுக்கு நடுவில் நின்று, எந்த மெஷின் எந்தச் சுருதியில் கத்துகிறது என்று அவள் காது தானாகவே பிரித்து வைத்திருந்தது. சத்தத்தை நீக்கும் பாடம் வந்தபோது அவளுக்குக் குஷி தாங்கவில்லை. பதிவில் பேச்சே இல்லாத ஒரு துண்டைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, இதுதான் சத்தம், இதைத் தெரிந்துகொள் என்று சொன்னால் போதும். அது முழுப் பதிவிலிருந்தும் அந்தச் சத்தத்தை உருவி எடுத்துவிடும்.

"எத எடுக்கப் போறீங்களோ, அத மட்டும் முதல்ல தனியா கேட்டுப் பாருங்க," என்றாள் அதிரா. "அதுக்குள்ள குரல் மாட்டியிருந்தா, அளவு மீறி எடுக்கிறீங்கன்னு அர்த்தம். வீட்டுல உள்ள ஏதாவது ஒரு பதிவ சுத்தம் பண்ணிட்டு வாங்க. சுத்தமானது ஒரு ஃபைல், எடுத்துப்போட்ட சத்தம் ஒரு ஃபைல். ரெண்டும் எனக்கு வேணும்."

வீட்டில் உள்ள பதிவு என்றதும் நவோமிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அத்தானின் முதலாண்டுப் பூசை வந்துகொண்டிருந்தது. பூசை முடிந்து வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் முன்னால், மெஷின் இல்லாமல், மூச்சிரைப்பு இல்லாமல், பழைய பேட்ரிக் படித்தால் எப்படி இருக்கும்! அக்கா அழுவாள், அழட்டும், நல்ல அழுகைதானே. இப்படியெல்லாம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. மத்தியானமானால் சுவர் வழியே வரும் அந்த உறுமலை அவளால் இனித் தாங்க முடியவில்லை. செத்தவர் இன்னும் வீட்டில் படுத்திருப்பது போலவும், எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் போலவும் ஒவ்வொரு நாளும் அவள் உடம்பு பதறியது. அந்த மெஷினை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டும் என்றுதான் அவள் கை பரபரத்தது.

கேத்தரின் போனை வீட்டில் வைத்துவிட்டுப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தபோது, அதிலிருந்து பதிவைத் தன் லேப்டாப்புக்கு ஏற்றினாள். வகுப்பில் உட்கார்ந்து சுத்தம் செய்தாள். வந்துவிட்டது! மேடையில் ஏறி நிற்கும் பேட்ரிக்கின் குரல். படித்துக்கொண்டே வந்தவர் பாதியில் ஓரிடத்தில் நிறுத்துகிறார். அங்கே முழு அமைதி. பிறகு மறுபடி தொடர்கிறார்.

"ஏன்க்கா இங்க நிறுத்துறாரு?" என்று கேட்டாள் அதிரா.

"மூச்சு வாங்கியிருப்பாரு மிஸ்."

"நல்லா சுத்தமா எடுத்திருக்கீங்க."

அந்தப் பாராட்டில் தலைகால் புரியாமல் போனதுதான் வினை. எடுத்துப்போட்ட சத்தத்தைத் தனி ஃபைலாகச் சேமித்து அதிராவுக்கு அனுப்பினாளே தவிர, அதைக் கேட்கவில்லை. ஓடுகிற மெஷினைப் போய் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? வீட்டுக்கு வந்து, பழைய பதிவு இருந்த இடத்தில் அதே பெயரில் புதியதை வைத்தாள். லேப்டாப்பிலும் அக்காவின் போனிலும். பழையதின் மேல் எழுதாதே என்பதுதான் அந்த வகுப்பின் முதல் பாடம். அவள் மறந்தெல்லாம் போகவில்லை. தெரிந்தே வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் பேட்ரிக்கின் குரல் மட்டும் கேட்டது. இரண்டு வரி. நின்றது. மறுபடி முதலிலிருந்து இரண்டு வரி. கதவு திறந்தது.

"என்னாடி பண்ண இத?"

கேத்தரின் போனைக் கைக்குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையிலும் பிடித்திருந்தாள். நவோமி பூசையைப் பற்றி, உறவுக்காரர்களைப் பற்றி, மிஸ் பாராட்டியதைப் பற்றி எல்லாம் சொல்லிப் பார்த்தாள். சொல்லச்சொல்ல அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

"இதுல அவரு தனியா இருக்காரு," என்றாள் கேத்தரின். "எங்கயோ ஒரு காலி எடத்துல தனியா நின்னு படிக்கிறாரு. நான் பக்கத்துல இல்ல. எங்க ரூம்பு இல்ல. எனக்கு அந்தப் பழசு வேணும்."

"அக்கா... அந்தச் சத்தத்தையா?"

"ஆமா. எனக்கு வேணும். குடு."

போனோ பழையது, வேறெங்கும் எதையும் சேமித்து வைக்கும் பழக்கம் அக்காவுக்கு இல்லை. லேப்டாப்பைத் தோண்டித் துருவினாள், எங்கேயும் பழைய பதிவு கிடைக்கவில்லை. கேத்தரின் திட்டவில்லை, அழவும் இல்லை. அன்றைக்கும் மறுநாளும் சாப்பிட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அந்த உறுமலைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கலாம். இப்போது நவோமியால் தன் கட்டிலில் படுக்கவே முடியவில்லை, எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டாள்.

ஃபெர்ரியில் கடலைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்கு, அதிராவிடம் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். அதிரா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா," என்றாள். "சுத்தமானது இருக்கு. எடுத்துப்போட்டதும் எங்கிட்ட இருக்கு. ரெண்டையும் மயிரிழை பிசகாம ஒன்னு மேல ஒன்னு வச்சா பழசு அப்படியே வந்துரும். இதுல நீங்க எதையும் அழிக்கல, பிரிச்சுத்தான் வச்சிருக்கீங்க."

நவோமிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள். இரண்டையும் சேர்ப்பதற்கு முன், செய்யாமல் விட்டதைச் செய்துவிடலாம் என்று எடுத்துப்போட்ட சத்தத்தைத் தனியாக ஓடவிட்டாள்.

மெஷின் ஓடியது. அத்தானின் குரல் அதில் இல்லை, ஆனால் இருந்தது. உருவி எடுத்த இடத்தில் சொல்லின் ஓரங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன, மூச்சும் நாக்கு படும் சத்தமுமாக. சுத்தமான பதிவில் அமைதியாக இருந்த அந்த இடம் வந்தது. அங்கே அமைதி இல்லை. அத்தான் பேசிக்கொண்டிருந்தார். குரல் சேராத வெறும் காற்றுப் பேச்சு. காற்றோடு காற்றாக இருந்ததால், அதையும் மெஷின் என்றே நினைத்துக் கம்ப்யூட்டர் உருவிவிட்டிருக்கிறது.

"கேத்தி. போதும். ஆஃப் பண்ணிரு."

பிறகு மெஷின் மட்டும். பிறகு ஒரு இருமல், வாசகத்தின் அடுத்த வரி.

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. முதுகில் யாரோ ஈரக்கையை வைத்தது போலிருந்தது. எதை ஆஃப் பண்ணச் சொல்கிறார்? போனைத்தான் சொல்லியிருப்பார். படிப்பது போதும், பதிவை நிறுத்து என்று. அப்படித்தான் இருக்க வேண்டும். மறுபடி கேட்டாள். கேட்கக்கேட்க, பதிவைப் பற்றிப் பேசுகிற மனுஷனாக அவர் இல்லை, மூச்சு கொடுக்கிற மெஷினையே நிறுத்தச் சொல்கிறவராக இருந்தார். எதிரில் நின்ற அதிரா, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"உங்க அக்காவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது மிஸ். மெஷினு சத்தத்துல இது கேக்காது. நானே இத்தன நாளா கேட்டேன், எனக்கே தெரியல."

"வேணும்னா அந்த எடத்துல மட்டும் வெறும் மெஷின ஒட்டிரலாம்க்கா. யாருக்கும் தெரியாது."

நவோமி அந்தத் துண்டைத் திரையில் தேர்ந்தெடுத்து வைத்தாள். ஒரு விசையைத் தட்டினால் போதும். அக்கா, தன் புருஷனை ஒரு நிமிஷம் கூடுதலாக வைத்துக்கொள்வதற்காக எதையெல்லாம் செய்தாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த அக்காவிடம் போய், அவர் போதும் என்று சொன்னதை எப்படிக் கொடுப்பது? ஆனால் அக்கா எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு தடவை தீர்மானித்து, அந்த வீட்டையே ஊமையாக்கியாகிவிட்டது. நல்ல மனசு என்றெல்லாம் சொல்லிவிட முடியாது, பயம்தான். அவள் விசையிலிருந்து கையை எடுத்தாள். இரண்டையும் அப்படியே சேர்த்தாள்.

பாகான் டாலாமில் வெயில் இறங்கியிருந்தது. கேத்தரின் போனை வாங்கிக்கொண்டு முன்னறைக்குள் போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. நவோமி நிலைப்படியிலேயே நின்றாள்.

உறுமல் எழுந்ததும் கேத்தரின் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டவள் போலத் தோள் இரண்டும் இறங்கின. "ம்," என்றாள். அவ்வளவுதான். பேட்ரிக் மெஷினுக்கு அடியில் படித்துக்கொண்டு போனார். அந்த இடம் நெருங்க நெருங்க நவோமி, கேட்காது, கேட்காது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். வாசகம் பாதியில் நின்றது. மெஷின் மட்டும் ஓடியது.

கேத்தரின் கண்ணைத் திறந்தாள். போனைத் தலையணைமேல் வைத்துவிட்டு, பழகிய வேலை செய்கிறவள் மாதிரி அவசரமில்லாமல் எழுந்து, கட்டில் தலைமாட்டுச் சுவரில், முன்பு மெஷினைச் செருகியிருந்த சுவிட்சை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். ஆளில்லாத தலையணையைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். கோபமில்லை, அழுகை இல்லை, மருந்து வேண்டாம் என்று அடம்பிடிப்பவரிடம் ஆட்டுகிற அதே தலையாட்டல். உறுமல் நீண்டது. அவள் கையை எடுக்காமல், விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலையணையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. பிறகு பேட்ரிக், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்.