ஐந்தருவி ரோட்டில் ஒரு டிரேட் டெஸ்ட்

லிங்கேஸ்வரனைப் பார்த்தால் சட்டென்று யாருக்கும் சந்தேகம் வராது. நெற்றி நிறையத் திருநீறு, தேய்த்த வெள்ளைச் சட்டை, யார் வந்தாலும் எழுந்து நின்று "வாங்கண்ணாச்சி" என்பான். தென்காசியில் ஒரு மாடியைப் பிடித்து, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் கன்சல்டன்சி என்று போர்டு மாட்டியிருந்தான். அந்த எரப்பாளிப் பயலிடம்தான் என் பாஸ்போர்ட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் வெல்டர். ஊர் வடகரை. எண்ணெய் ஆலைகளை வருஷத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அதற்கு ஷட்டவுன் வேலை என்று பெயர். சில மாதக் காண்ட்ராக்டில் போவோம், முடிந்ததும் ஊருக்கு வந்து அடுத்த அழைப்புக்குக் காத்துக் கிடப்போம். நடுவில் இந்த ஏஜென்சிக்காரர்களின் கையைப் பிடிக்காமல் ஒன்றும் நடக்காது. அவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்களாம். எனக்கு இதுவரை ஒருத்தன்கூட வாய்க்கவில்லை.

கத்தாரில் வேலை, டிரேட் டெஸ்ட் குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே நடக்கும் என்றான் லிங்கேஸ்வரன். டெஸ்ட் என்றால் இரண்டு குழாய்த் துண்டுகளைக் கொடுத்து ஒட்டச் சொல்வார்கள். ஒட்டியதை அங்கேயே அறுத்து, வளைத்துப் பார்ப்பார்கள். தேறினாலும் தேறாவிட்டாலும் அந்தத் துண்டு குப்பைக்குத்தான் போகும். உலகம் பூராவும் அதுதான் வழக்கம்.

இலஞ்சி பக்கம் ஒரு ஷெட்டுக்கு வரச் சொன்னான். போய்ப் பார்த்தால் ஏகப்பட்ட வெல்டர்கள் நின்றார்கள். ஆய்க்குடி பேச்சிமுத்து அண்ணாச்சியும் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன். இந்தக் கன்சல்டன்சிக்கு நடையாய் நடக்கிறவர். எங்கள் கையில் கொடுத்தது குழாய்த் துண்டு இல்லை. நீள நீளமான பைப்புகள், நடுவில் வைக்கப் பூ வளைவுகள்.

"என்ன தம்பி, இது மாடிப்படி கைப்பிடி மாதிரில்லா இருக்கு?" என்றேன்.

"கிளையண்டு ஃபினிஷிங் பாக்கணும்னு சொல்லுதாரு அண்ணாச்சி" என்றான். கிளையண்டு என்று கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

டெஸ்ட் என்று சொல்லிவிட்டால் எங்கள் புத்தி வேறு மாதிரி ஆகிவிடும். கூலிக்குச் செய்யும்போது இல்லாத பக்தி வந்துவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டைப் பிடிக்கிற மாதிரி கையை நடுங்கவிடாமல் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். பேச்சிமுத்து அண்ணாச்சி தன் வேலையைத் துண்டால் துடைத்தே வைத்தார். சாயங்காலம் எல்லாரையும் "செலக்டட்" என்றான் லிங்கேஸ்வரன். அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடுவானாம். பாஸ்போர்ட் அதுவரை அவனிடமே இருக்குமாம். ஒட்டியதை ஒருத்தனும் அறுத்துப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சீசன் பிடித்து, சாரல் விழ ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகலாம் என்று என் பெஞ்சாதி இசக்கிசெல்வி நச்சரித்தாள். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது மழை வலுத்தது. ரோட்டோரம் திறப்பு விழாவுக்கு நின்ற ஒரு புது லாட்ஜின் படிக்கட்டில் ஒதுங்கினோம்.

கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "பாருங்களேன், என்ன வழுவழுன்னு இருக்கு. இந்த மாதிரி நம்ம வீட்டுக்கு ஒண்ணு செஞ்சு தாறியளா?" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். பெற்ற பிள்ளையை எவனும் வந்து அடையாளம் காட்ட வேண்டாம். அந்தப் பூ வளைவும் என் ஒட்டுதான், அதற்கு அடுத்ததும் என் ஒட்டுதான். மேலே போகப் போக மற்றவர்கள் ஒட்டியது. பெயிண்ட் மட்டும் புதுசு.

"செஞ்சாச்சுட்டி. ஊரான் வீட்டுக்கு ஓசில செஞ்சு குடுத்தாச்சு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. சொன்னபோது, "பேதில போவான்! கும்பிட்டுக் கும்பிட்டுப் பேசுனானே, சவத்து மூதி!" என்று கைப்பிடியிலிருந்து கையை உதறினாள். கத்தாரும் இல்லை, கிளையண்டும் இல்லை. எங்கள் பசியைக் கூட்டிவைத்து எவனுக்கோ லாட்ஜ் கட்டிக் கொடுத்துக் காசு பார்த்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து ஈரத் துணியை மாற்றுவதற்குள் போன். பழைய ஃபோர்மேன் முகம்மது ரபீக். "விஜய்பாண்டி, மஸ்கட்ல ஷட்டவுன். நடுவுல எவனும் கெடயாது, கம்பெனியே நேரா எடுக்கு. நாளான்னிக்குக் காலைல ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட கொச்சில நிக்கணும். ஒனக்குத்தான் எடம் பிடிச்சு வச்சிருக்கேன், விட்றாத" என்றார். தை மாதத்திலிருந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இதை விட்டால் இந்த வருஷமே போச்சு.

காலையில் மாடி ஏறினேன். பாஸ்போர்ட் என்றதும் லிங்கேஸ்வரன் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"ஃபைனல் ரவுண்டு இன்னைக்குத்தான் அண்ணாச்சி. ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜுக்கு இரும்புக் கேட்டு வைக்கணும். முடிச்சிட்டு அங்கனயே வாங்கிக்கோங்க."

"அந்த லாட்ஜ்ல என் கைப்பிடியப் பாத்தேன்லே."

"பாத்தியளா? நல்லா வந்திருக்குல்லா?" என்று சிரித்தான். "கேட்டையும் அதே மாதிரி முடிச்சுக் குடுங்க. இல்லேன்னா பாஸ்போர்ட்டு எங்கன கெடக்குன்னு தேடணும். ஒரு வாரம் ஆவும், ரெண்டு வாரம் ஆவும்."

அடித்திருப்பேன். கொச்சி பஸ் கண்ணில் நின்றது. போனேன்.

லாட்ஜின் பின்னால் மலைச்சரிவு, இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர். காருக்கு அந்த கேட்டைத் தவிர வேறு வழி கிடையாது. உள்ளே பேச்சிமுத்து அண்ணாச்சியும் இன்னும் நாலைந்து பேரும் ஜன்னல் கிராதி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்; அதுவும் டெஸ்ட்தானாம். என்னை ரோட்டுப் பக்கம் நின்று கேட்டுக் கதவுகளுக்குக் கம்பி வைக்கச் சொன்னான். என் மெஷினும், இரும்பை அறுக்க அங்கே இருந்த ஒரே கிரைண்டரும் என் பக்கம். மத்தியானம் லிங்கேஸ்வரன் காரை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினான். லாட்ஜ் ஓனர் குடும்பத்தோடு வரப் போகிறார், சீக்கிரம் முடியுங்கள் என்றான். பாஸ்போர்ட் கேட்டேன். "மொதல்ல பெயிண்ட் அடிக்கட்டும்" என்றான்.

சரி என்று இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்தேன். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒட்டு. என் சர்வீஸில் அவ்வளவு அழகாக ஒட்டியதில்லை.

புகையைப் பார்த்து ஓடி வந்தான். "ஏலே, என்ன செய்யுத? கூறுகெட்டுப் போச்சா?"

"ஃபைனல் ரவுண்டு" என்றேன். "தேறிட்டனான்னு இழுத்துப் பாரு."

இழுத்தான். உதைத்தான். உள்ளே நின்றவர்களைப் பார்த்து, அறுங்கலே என்று கத்தினான். கிரைண்டர் என் கையில் இருந்தது; "பாஸ்போர்ட்" என்றேன். அதற்குள் ஓனரின் கார் வளைவில் திரும்பி ஹாரன் அடித்தது. லிங்கேஸ்வரன் வியர்வையில் திருநீறு வழிய ஓடிப்போய்த் தன் காரைத் திறந்தான். எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில், நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டுக்கு அடியில் கிடந்தன. அந்த நாறப்பயல் அதை எண்ணெய்க் கையால் துழாவி, என்னுடையதை எடுத்துக் கம்பி வழியே நீட்டினான். வாங்கி அட்டையை வேட்டியில் துடைத்தேன்.

"பை தொறந்துதான் கெடக்கு. எல்லாவனும் அவனவன் பாஸ்போர்ட்ட எடுங்கலே! கத்தார்லாம் ஒரு மண்ணும் கெடயாது. ஓசில வேலை வாங்குதான்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

ஒருத்தன்கூட அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓனர் காரை விட்டு இறங்கி, என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். பாஸ்போர்ட்டை மடியில் செருகிக்கொண்டு கிரைண்டரைக் கேட்டடியில் வைத்தேன்.

கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொண்டது. பேச்சிமுத்து அண்ணாச்சி.

"ஒரு கீறல் விழாம அறுத்து விடுதேன் சார்" என்று லிங்கேஸ்வரனிடம் சொன்னார். அப்புறம் எனக்குக் கேட்காது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"விஜய்பாண்டி எடம் காலியாச்சுல்லா சார்? இத என் டெஸ்ட்டா எடுத்துக்கிடுங்க."