கால் வராத பகல்

கண்ணாடிக் குழாய்க்குள் தன் மனைவியின் இரத்தம் இறங்குவதை முகைதீன்பாவா பார்த்துக்கொண்டிருந்தார். கல்முனையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் பதினாறு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. இரத்தத்தை மெல்லிய குழாயில் நிமிர்த்தி வைத்தால் சிவப்பணுக்கள் மெதுவாக அடியில் இறங்கும். மேலே மஞ்சள் நீர் தெளியும். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் அணுக்கள் அடுக்கிய பிஸ்கட்டுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு, பாரம் கூடி, விறுவிறுவென்று இறங்கிவிடும். மணித்தியாலத்துக்கு இருபது மில்லிமீற்றர் என்றால் பயமில்லை. றபீக்காவினுடையது நாற்பத்தாறு. போன மாதமும் அப்படித்தான். காசம் இல்லை, மூட்டுவாதம் இல்லை, மூக்கொழுகும் தடிமன்கூட இல்லை. அப்படியானால் எங்கே எரிகிறது? கேன்சர் என்ற சொல்லை அவர் மனத்துக்குள்ளும் முழுதாகச் சொல்லிப் பார்க்கவில்லை.

டொக்டர் தக்சாயினி தாளைப் பார்த்தார். பிறகு றபீக்காவின் நிறையைப் பார்த்தார். நூற்றிநாலு கிலோ.

"பாவா, கொழுப்பு சும்மா கிடக்கிற சாமான் இல்ல. அளவுக்கு மிஞ்சினா, கிருமி வந்திட்டுது எண்டு ரத்தத்தில சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். கிருமி இல்ல. ஆனா உடம்பு நம்பிடும். அந்தச் சேதி மூளைக்கும் போகும்."

"போனா?"

"காய்ச்சலில கிடக்கேக்க எப்பிடி இருக்கும்? எழும்ப மனமில்ல, ஆக்களைப் பார்க்க மனமில்ல. அது வருசக்கணக்கா. கவலையும் திருப்பி அழற்சியக் கூட்டும். எது முந்தினது எண்டு சொல்ல ஏலாது. எல்லாருக்கும் இப்பிடி வாறதும் இல்ல." பேனையைக் கீழே வைத்தார். "அவ கடைசியா எப்ப சிரிச்சவ?"

அவர் தாளை எடுத்து இரண்டாக மடித்தார்.

ஆறு வயது மகள் றினோஸாவைச் சுனாமி கொண்டுபோன பிறகு றபீக்கா சோற்றைத் தொடவில்லை. ஒருநாள் அவர் பேக்கரியில் வாங்கிவந்த சீனிப் பணிஸில் பாதியைத் தின்றாள். அவர் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதார். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் பணிஸ். இரண்டு, பிறகு நாலு. வெள்ளிக்கிழமை புரியாணி. அவள் உடம்பு போடப்போட, "மச்சான், ஒங்கட பணிஸ் வேல செஞ்சிரிக்கி! ராத்தா நல்லாத் தேறிட்டா, மாஷா அல்லாஹ்" என்று பக்கத்து வீட்டுச் சுபைறா சிரித்தாள். அவரும் அதைத்தான் நம்பினார். சதை ஏற ஏறத் துக்கம் இறங்குகிறது என்று.

போன புதன்கிழமைதான் அது நடந்தது. யுத்தம் முடிந்து மூன்று வருடமாகப் போகிறது. ஊர் பயந்து ஓடுவதை மறந்திருந்தது. பகல், கடல் வரலாம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது. தெரு முழுக்க மேற்கே ஓடியது. றபீக்கா கட்டிலில் இருந்தாள்.

"கால் வருகுதில்ல. நீங்க போங்க."

இழுத்தார், அசைக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடல் வரவில்லை. ஆனால் அந்த நாடி! அவருடைய நெஞ்சு காதுக்குள் இடித்தபோது, அவள் நாடி சாதாரண பகல் ஒன்றைப்போல ஆறுதலாக ஓடியது. அன்று அதைத் தைரியம் என்று நினைத்தார். இப்போது டொக்டரின் முன்னால், அது தைரியம்தானா என்று முதல்முறையாகச் சந்தேகப்பட்டார்.

வீட்டுக்குப் பணிஸ் வாங்காமல் போய், றபீக்காவின் கட்டிலருகே நின்றார்.

"புள்ள, அண்டைக்கு மெய்யாவே கால் வரல்லயா?"

"வந்திரிக்கும்."

"மறுகா ஏன்?"

"கடல் வந்தா வரட்டும் எண்டு இரிந்திச்சி."

டொக்டர் சொன்ன சேதியையும் மூளையையும் ஒன்றும் விடாமல் சொன்னார். நாளைக்கே கூட்டிவரச் சொன்னதையும் சொன்னார்.

"என்ட மனசையும் குழாயில ஊத்திப் பாத்திட்டீங்களா?" என்றாள். உதட்டின் ஓரம் அசைந்தது போலிருந்தது. சிரிப்பா என்று அவரால் நிச்சயிக்க முடியவில்லை.

"கேற்று மட்டும் நடந்து பாப்பம், வா."

நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கி வாசல் கேற்றடிக்கு வந்தாள். வீதி நேராகக் கிடந்தது. மேற்கே கடைத்தெரு, கிழக்கே இருநூறு யார் தூரத்தில் கடல். அவருடைய பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே எடுத்து வைத்தாள். காற்று அவள் முக்காட்டை மேற்கே இழுத்துப் படபடக்க வைத்தது. முகம் கடலைப் பார்த்திருந்தது.