பார்த்தேன், பரவாயில்லை

வாரம் முழுக்க லிப்ட் குழிக்குள் தொங்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் மரத்தில் தொங்க வேண்டுமென்று என்ன தலையெழுத்து? லிப்ட் மெக்கானிக்கின் மனைவி இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நிறுத்திவிட்டாள். இப்போது அவனே தன்னைக் கேட்டுக்கொள்கிறான்.

விளையாட்டு இதுதான். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் குறிப்பார். மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே தேடி வந்து, உள்ளே இருக்கும் சீட்டில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. தரையில் வைத்தால் கண்டவனும் எடுத்துவிடுவான் என்று மெக்கானிக் மரத்து மேலே ஒளித்தான், கயிறு போட்டு ஏறத் தெரிந்தவர்களுக்கு மட்டும். அவன் டப்பா இல்லாத பெரிய மரம் அந்தப் பக்கத்தில் குறைவு.

ஒளித்தவன்தான் பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம். யாராவது குறை எழுதினால் அவன் போய் ஏறிப் பார்த்து, ‘பார்த்தேன்’ என்று பதில் போட வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் முன்பின் தெரியாதவர்கள் கயிற்றை வீசுகிறார்கள்.

பூங்காவின் பின்பக்கத்து மரத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார்: டப்பா இருக்கிற கிளையில் இலை குறைந்துவிட்டது, கொஞ்சம் பாருங்கள். அன்றைக்கென்று ஆஸ்பத்திரி லிப்ட் மக்கர் பண்ணி, மெக்கானிக் அடித்துப் போட்டாற்போல வீட்டுக்கு வந்திருந்தான். இலையாம், குறைந்துவிட்டதாம். கொட்டினால் கொட்டட்டும், அதென்ன அவன் தலைமுடியா? ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் ‘பார்த்தேன், பரவாயில்லை’ என்று தட்டிவிட்டான். முழங்கால் வலி வந்ததிலிருந்து எல்லா மரத்துக்கும் இதே பதில்தான்.

ஞாயிறு காலை, இதே விளையாட்டில் இருக்கிற தங்கையின் செய்தி வந்திருந்தது. பூங்கா மரத்தடியில் நிற்கிறாளாம். அண்ணன் பார்த்துவிட்டானே என்று தைரியமாக ஏறப் போகிறாளாம்.

இலை ஏன் குறைந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த டப்பாவை நைலான் கயிற்றால் கிளையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியவன் அவனேதான். இரும்போடு பழகினவன், இரும்பு பருக்காது, கிளை பருக்கும் என்று யோசிக்கவில்லை. கிளை பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் இறங்கி அதன் கழுத்தை நெரித்திருக்கும். போன் அடித்தான், அவள் எடுக்கவில்லை. ஏறும்போது போனைப் பைக்குள் போட்டுக் கீழே வைத்துவிடுவாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு விழுந்தடித்துப் போனான். அவள் கயிறு அதே கிளையில்தான் கிடந்தது. அவள் பாதிக்கு மேல் போயிருந்தாள். கத்தினால் பதறிவிடுவாளே என்று குரலை அடக்கிக்கொண்டு சொன்னான்.

“அந்தக் கிளை பட்டுப்போச்சு. மெதுவா அடிமரத்தைக் கட்டிப் பிடி. இடுப்பு வாரை மரத்தைச் சுத்தி மாட்டிக்கிட்டு, அப்புறம் கயித்தை விடு.”

“நீ பாத்தேன்னு எழுதியிருந்தியே?”

“பாக்கலம்மா. சும்மா எழுதினேன்.”

அவள் மரத்தோடு ஒட்டிக்கொண்டு வாரை மாட்டினாள். பிறகு கயிற்றைக் கீழே இழுத்தாள். அது எங்கோ சிக்கியது; இன்னொரு இழுப்பு இழுத்தாள். கிளை முறிந்து, டப்பாவோடு அவன் காலடியில் வந்து விழுந்தது. அவள் கயிற்றைக் கீழே உள்ள பச்சைக் கிளைக்கு மாற்றிப்போட்டு இறங்கினாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திட்டுவாள் என்று நின்றான். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, மற்ற மரங்களையாவது பார்த்தானா என்று கேட்டாள். அவன் முழங்காலைச் சொன்னான், ஆஸ்பத்திரி லிப்டைச் சொன்னான்.

“அதைக் கேக்கல.”

இல்லை என்று தலையாட்டினான். ஞாயிற்றுக்கிழமை, இந்நேரம் எத்தனை பேர் எங்கெங்கே கயிறு வீசிக்கொண்டிருக்கிறார்களோ. அவள் அவனை அங்கேயே உட்கார வைத்து, ஒவ்வொரு டப்பாவாக இணையத்தில் ‘மூடியாச்சு, ஏறாதீர்கள்’ என்று குறிக்க வைத்தாள். அப்புறம் வண்டியை எடுக்கச் சொன்னாள். ஏற்கெனவே கிளம்பி வந்தவர்கள் இருப்பார்களே, எல்லா டப்பாவையும் இறக்கியாக வேண்டும்.

அடுத்த மரத்தடியில் அவள் இடுப்பில் முடிச்சுப் போட்டாள். வழக்கமாக எந்த மரமானாலும் அந்த முடிச்சை அண்ணனிடம் காட்டி, அவன் ஒரு தரம் இழுத்துப் பார்த்து ‘சரி’ என்ற பிறகுதான் காலை எடுத்து வைப்பாள். மெக்கானிக் வழக்கம்போல் கையை நீட்டினான். அவள் மறுபக்கம் திரும்பி நின்று, தானே இழுத்துப் பார்த்துக்கொண்டு ஏறினாள்.