ஓரத்தில் நின்ற எல்

1

எங்கள் வாரி நகர ஸ்கிராபிள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, என் கணவர் ஒச்சுக்கோவைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார் அணித்தலைவர் புரூமே. அரைப் பக்கம் வரவில்லை. இது வந்தது. கதை என்று சொல்லிக்கொண்டால் பொய் சொல்ல வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். [வசதியாக இல்லை.]

முதல் தொடக்கம்: பெனின் சாலையில் மழை. போட்டிக்குப் போன எங்கள் வேன்—

வேண்டாம். அந்த வேனிலிருந்து நான் இறங்கினேன், அவர் இறங்கவில்லை. அதற்கு மேல் அந்த வாக்கியத்தால் போக முடியாது.

இரண்டாவது தொடக்கம்: ஒச்சுக்கோ பொறுமையான மனிதர்.

இதுவும் வேண்டாம். அவர் குளியலறையிலிருந்து கத்துகிறவர்.

2

"ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி! கூட ஒரு பி! எட்டெழுத்து சொல்லு!"

அடுப்பில் பங்கா என்கிற எண்ணெய்ப்பனைப் பழக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

"பெயின்டர்ஸ்."

"இன்னொண்ணு."

"பேன்ட்ரீஸ்."

"இன்னும் கிடக்கு, தூங்குமூஞ்சி."

"குழம்பு அடிப்பிடிக்குது. நீ வந்து கிண்டு, நான் சொல்றேன்."

"சரி, பி-ய எடுத்துட்டு எம் போடு."

"மினரெட்ஸ்."*

"அப்படின்னா?"

"எட்டு எழுத்து."

"சபாஷ். அதான் அர்த்தம்."

(* மசூதிக் கோபுரங்கள். அவர் போன பிறகுதான் அகராதியில் பொருள் பார்த்தேன். ஒருவர் எழுத்துகளை வரிசையாகச் சொல்ல, மற்றவர் சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பழக்கம். பொருள் பார்ப்பது வீண் வேலை என்பது சங்கத்தில் பொதுக் கருத்து.)

விபத்துக்குப் பிறகு எனக்குச் சொற்கள் வரவில்லை. ஏழு எழுத்துக் கட்டைகளை எடுத்து வைத்தால் ஏழு கட்டைகளாகவே இருந்தன. துக்கத்தைப் பற்றி இங்கே ஒரு நல்ல பத்தி எழுதலாம். எழுதினேன், எடுத்துவிட்டேன். கட்டைகள் என்று சொன்னதே போதும்.

3

புரூமே வீட்டுக்கு வந்தார்.

"எசே, மாநில அணியில உன் இடத்த இன்னும் யாருக்கும் குடுக்கல. சனிக்கிழமை ருக்கேகிட்ட ஆடு. ஜெயிச்சா உனக்கு. இல்லன்னா அவனுக்கு. எனக்கு வேற வழி தெரியலம்மா."

[அணியில் இடம் வேண்டும்தான். ஆனால் சொற்கள் திரும்பாவிட்டால், நானும் அவரும் பேசிக்கொண்ட மொழியே போய்விடும். பயம் அதில்தான்.]

ருக்கேயை வில்லனாக எழுதிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி கூட மாட்டிவிட்டேன். அவன் கண்ணாடி போடுவதில்லை. ஒச்சுக்கோவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் அவன். ஆட்டத்தில் எதிரே உட்காருபவரை வாயாலேயே அழ வைப்பவனும் அவன்தான். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைக்க எனக்குக் கைவரவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

4

சனிக்கிழமை, ஆட்டம் முடியப்போகும் நேரம். என் கையில் ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி. கதைக்காக வரவழைத்தேன் என்பீர்கள். ஆட்டக்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த ஏழும் சேரட்டும் என்றுதான் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவோம்.

பலகை நிறைந்திருந்தது. ஏழெழுத்துச் சொல்லுக்கு எங்கும் இடமில்லை. இடது ஓரத்தில் ஒரே ஒரு எல் மட்டும், தனக்கு வலப்புறம் வரிசை முழுவதும் காலியாக, நின்றுகொண்டிருந்தது. எல்-லில் தொடங்கும் எட்டெழுத்து வேண்டும். நான் எழுத்துகளை வரிசையாக முணுமுணுத்தேன். கட்டைகள் கட்டைகளாகவே இருந்தன.

"நடுவர்!" ருக்கே கையைத் தூக்கினான். "இந்தம்மா செத்தவன்கிட்ட விடை கேக்குது. விதியில அதுக்கு இடமிருக்கா?"

"டேய் ருக்கே, வாய மூடு!" என்றார் புரூமே.

"கேக்கட்டும்ணே. அவன் சொன்னா எனக்குத்தான் லாபம். உயிரோட இருந்தப்பவே என்கிட்ட தோத்துட்டுத்தான வீட்டுக்குப் போவான்?"

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, மூக்கு ஒழுகும் அளவுக்கு. அவர் பெயரை என் முன்னால் எல்லோரும் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவன்தான் அவரை மறுபடி ஓர் ஆட்டக்காரராக வைத்துப் பேசினான்.

"பொய்யி! போன ஈஸ்டருக்கு உன்ன அழ வெச்சு அனுப்பினானே, மறந்துட்டியா?"

சொல்லிவிட்டுக் குனிந்தேன். சொல் அங்கே இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். எழுதுகிறவள் நான், எல்-லை எம் ஆக்க எவ்வளவு நேரமாகும்? எம் ஆக்கி, மினரெட்ஸ் வைத்து, கோபுரங்களின் மேல் வெயில் கூட அடிக்க வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அடித்துவிட்டேன். ஓரத்தில் நின்றது எல். நான் வைத்த சொல் லேட்ரின்ஸ். கழிப்பறைகள்.

"அட!" என்றான் ருக்கே. "இதுக்கா புருஷன மேலேருந்து எறக்கின?"

கூடமே சிரித்தது. புரூமே கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் சொல்லை வைத்ததும் கடிகாரத்தை அமுக்க வேண்டும். அமுக்கினால்தான் நம் நேரம் நிற்கும், எதிராளியின் நேரம் ஓடும். நான் அமுக்கவில்லை. வீட்டில் ஆடும்போது எனக்கும் சேர்த்து ஒச்சுக்கோவே அமுக்கிவிடுவார். என் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் கொஞ்சமே மிச்சம். அது தீர்ந்துவிட்டால் புள்ளிகள் குறையும். என் முன்னிலை அதைத் தாங்காது. எதிராளி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

முடிவு ஒன்று: ருக்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது தப்பில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

முடிவு இரண்டு: அவன் தாடையால் கடிகாரத்தைக் காட்டினான். அதுவும் அவன்தான்.

எது நடந்தது என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் எழுதப்போவதில்லை. அணிக்கு யார் போனார்கள் என்பதை மலரின் கடைசிப் பக்கத்தில் புரூமே போடுவார். என் பயம் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது.

ஆகவே ருக்கேயின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கடிகாரம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நான் அதைப் பார்க்கவில்லை. கட்டைகள் கிடக்கும் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, இன்னும் சிரித்துக்கொண்டே, உள்ளே கைவிட்டுத் துழாவுகிறேன். எழுத்துகள் இருக்கின்றன.