ஒரே வரியில் மூடிய புகார்கள்

தரணீதரனுக்கு மவுஸைத் தொட்டால் கௌரவக் குறைச்சல். பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் அந்த அலுவலகத்தில் மற்றவர்கள் வாடிக்கையாளர் புகார்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் பெரிய துரை போலக் கருப்புத் திரையில் கட்டளை தட்டுவான்.

வெள்ளிக்கிழமை மேலாளர் ஆஷா, "திங்கக்கிழமை ரிவ்யூ. பழைய புகார் ஒண்ணுகூட ஓப்பன்ல இருக்கக் கூடாது" என்றாள். சரிசெய்யச் சொன்னாள் என்றுதான் அதற்கு அர்த்தம். அவன் ஒரே வரி தட்டினான். ஆறு மாதத்துக்கு முந்தைய புகார்கள் அத்தனையும் 'சரிசெய்யப்பட்டது' என்று மூடிக்கொண்டன. நம் துரை டீ குடிக்கப் போய்விட்டார்.

புகார் மூடப்பட்டால், அதைக் கொடுத்தவருக்குத் தானாக வாட்ஸப் செய்தி போகும். அந்த ஏற்பாட்டைச் செய்து பாராட்டு வாங்கியவனும் அவன்தான். அது அவனுக்கு நினைவில் இல்லை.

புதன்கிழமை, பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஆறுச்சாமி கூப்பிட்டார். தரணீதரன் கம்பெனிக்குள் போனான். மேசை நிறைய நீல டி-சர்ட்கள். உடம்பு ஒரு நீலம், கை வேறு நீலம்.

சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி லாட்டுக்கு லாட்டு, அதாவது சாயம் ஏற்றும் ஒவ்வொரு தடவையும், நிறம் கொஞ்சம் மாறும். அதனால் ஒரே நிறத்தை ஒன்றாகத் தைக்க, வெட்டிய துணிக்கட்டுகளில் ஏ, பி என்று ஷேடு எழுத்தோடு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரே ஆர்டருக்கு இரண்டு லாட் வந்தால் மென்பொருள் எல்லாவற்றுக்கும் 'ஏ' என்றே அடித்துத் தள்ளியது. கட்டிங்கில் இருக்கும் பழனியம்மாள் போன வருடமே புகார் சொல்லிவிட்டு, அது சரியாகும்வரைக்கும் என்று ஒவ்வொரு கட்டிலும் சரியான எழுத்தைச் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார். 'சரிசெய்யப்பட்டது' என்று செய்தி வந்த மறுநாள் சாக்பீஸை எடுத்து வைத்துவிட்டார்.

"எழுதறத எதுக்குங்க நிறுத்துனீங்க? நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார் ஆறுச்சாமி பழனியம்மாளிடம். கோபத்திலும் அவருக்கு மரியாதை குறையவில்லை.

பழனியம்மாள் தலை நிமிரவில்லை. "சரி பண்ணியாச்சுன்னு மெசேஜ் வந்துச்சுங்க. தரணிக் கண்ணு சும்மா அனுப்பாதுங்க. நாந்தான் ஸ்டிக்கர மாத்தி ஒட்டியிருப்பனுங்க."

ஆறுச்சாமி அவனைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, சரி பண்ணீட்டீங்கதானுங்க?"

ஒரு தலையாட்டல் போதும், தப்பித்துவிடலாம். அவன் கழுத்து ஆடத் தயாராகத்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் அவனுக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

"இல்லீங்க. நான் அதத் தொடவே இல்லீங்க. எல்லாப் புகாரையும் ஒட்டுக்கா மூடிட்டனுங்க."

என்ன செய்வதென்று தெரியாமல் லேப்டாப்பை விரித்து, அந்தப் புகாரை மறுபடி திறக்கும் கட்டளையைத் தட்டினான். பழனியம்மாளின் போன் கிணுகிணுத்தது. அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"உங்கள் புகார் மீண்டும் திறக்கப்பட்டது. தங்கள் பொறுமைக்கு நன்றி."

அவன் எழுதிய வாசகம்தான். அவன் காது சுட்டது. ஆறுச்சாமி தொண்டையைச் செருமி, "நீங்க போய் வேலையப் பாருங்க" என்று பழனியம்மாளிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

மீதிக் கட்டுகளை நிறவாரியாகப் பிரித்து வைக்கலாமென்று தரணீதரன் குனிந்தான். பழனியம்மாள் டிராயரிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க தள்ளி நில்லுங்க சார். எழுதோணும்."

அவன் தள்ளி நின்றான்.